ஈரச்சாக்கு கான்கிரீட்டுக்கு மட்டும்தானா?

மூன்றாமாண்டு சிவில் மாணவன்



திருநெல்வேலிக்காரனிடம் வெயிலைப் பற்றிப் பேசுவது, திருநெல்வேலிக்கே அல்வா கொண்டு வந்து விற்கிற மாதிரி. "இதெல்லாம் ஒரு வெயிலாலே?" என்று கேட்டுவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவான். பங்குனியில் ஆரம்பித்து, சித்திரையில் கூடி, அக்கினி நட்சத்திரத்தில் உச்சி மண்டையைப் பிளக்கிற வெயில் நமக்குப் புதுசு இல்லைதான். ஆனால் பழகின பாம்பு கடிக்காது என்று யாராவது சொல்ல முடியுமா?

வெயில் தாக்கு, வெப்பவாதம், 'ஹீட் ஸ்ட்ரோக்' என்று பல பெயரில் சொல்லப்படுகிற ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இது வெறும் மயக்கம் அல்ல. சில நிமிஷங்கள் தாமதித்தால் உயிரைக் கொண்டுபோய்விடும். அதே சில நிமிஷத்தில், கையில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியும் விடலாம். டாக்டருக்குப் படிக்காத நமக்கு இது எதற்கு என்று நினைக்க வேண்டாம். இந்த விஷயம் டாக்டரைவிட டிப்ளமோ படிக்கிற நமக்குத்தான் அதிகம் தேவை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உடம்பும் ஒரு எஞ்சின்தான்

நமக்குத் தெரிந்த பாஷையிலேயே பார்ப்போம். எஞ்சின் ஓடினால் சூடு உண்டாகும். அந்தச் சூட்டை ரேடியேட்டர் வெளியே தள்ளவில்லை என்றால் எஞ்சின் சீஸ் ஆகிவிடும். நம் உடம்பும் அப்படித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. மண்வெட்டி பிடித்தோ, சட்டி சுமந்தோ கடுமையாக உழைத்தால் அது 400 வாட் வரைக்கும் போகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒரு தொழிலாளி. மனித உடம்பின் தன்வெப்பம் கிலோவுக்குச் சுமார் 3.5 கிலோ ஜூல். ஆகவே அவர் உடம்பு ஒரு டிகிரி சூடாக 210 கிலோ ஜூல் போதும். விநாடிக்கு 400 ஜூல் வீதம் வெப்பம் உண்டாகி, அதில் கொஞ்சம்கூட வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒன்பது நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏறும். வழக்கமான 37 டிகிரி செல்சியஸிலிருந்து ஆபத்தான 40 டிகிரியைத் தொட அரைமணி நேரம்கூட வேண்டாம்!

நல்லவேளையாக, உடம்பு வெப்பத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. காற்று நம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வேலை சுலபம். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளியே 39, 40 என்று கொதிக்கும்போது காற்றே நம்மைச் சூடாக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் உடம்புக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வழி... வியர்வை!

வியர்வை வழிவதால் குளிர்ச்சி வருவதில்லை, அது ஆவியாவதால்தான் வருகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே தத்துவம்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன தொழிலாளியின் ஒன்றேமுக்கால் மணி நேரச் சூட்டுக்கு அது கிட்டத்தட்டச் சமம். ஆனால் தரையில் சொட்டுகிற வியர்வையும், துண்டால் துடைத்துப் போடுகிற வியர்வையும் நஷ்டக் கணக்கு. வெயில் நேரடியாக முதுகில் அடிக்கிற சூட்டையும் சேர்த்துக் கூட்டினால், மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட உடம்பு இழக்க வேண்டியிருக்கும். இழந்த தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுக்காவிட்டால் ரத்தத்தின் அளவு குறைகிறது, இருதயம் வேகமாக அடித்துக்கொள்கிறது, வியர்வையும் குறைகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிய கதைதான். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, மூளை தடுமாற ஆரம்பித்தால் அதுதான் வெயில் தாக்கு. அதற்குமேல் நேரம் போகப் போக கல்லீரல், சிறுநீரகம், தசை என்று ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பிக்கும்.

ஒரே ஆற்றங்கரையில் இரண்டு வகை வெயில்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கிற தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தச் சின்னத் தூரத்துக்குள்ளேயே இரண்டு விதமான வெக்கை இருக்கிறது.

மேற்கே மலை. தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து நம் பக்கம் இறங்குகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற சாரலில் ஜூன் மாதம் குற்றாலம் குளிர்ந்து கிடக்கும். அங்கிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத பாளையங்கோட்டையில் அதே ஜூனில் காற்று அனலாக வீசும். இது வறண்ட வெயில். வியர்வை வந்தவுடனே காய்ந்துவிடும். "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருப்போம். உள்ளே தொட்டி காலியாகிக்கொண்டே இருக்கும்.

கிழக்கே தூத்துக்குடி, காயல்பட்டினம், திருச்செந்தூர்ப் பக்கம் போனால் கதை வேறு. தெர்மாமீட்டர் நம் ஊரைவிடக் குறைவாகக் காட்டும். ஆனால் கடல் காற்றில் ஈரம் அதிகம். சட்டை நனைந்து ஒட்டும், வியர்வை ஆவியாகாது. உப்பளங்களில் மேலேயிருந்து ஒரு வெயில், வெள்ளை வெளேரென்ற பாத்தியில் பட்டுத் திரும்பும் இன்னொரு வெயில். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதை எடுத்துக்காட்டியது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகவும் வெயில் உடம்பைத் தின்னும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே "இன்னைக்கு எத்தனை டிகிரி?" என்ற கேள்வி மட்டும் போதாது. மெக்கானிக்கல் நண்பர்கள் ஏ.சி. லேபில் பார்த்திருப்பார்கள். ஒரு தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அது காட்டுவதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வை நம்மை எவ்வளவு தூரம் குளிர்விக்க முடியும் என்பதன் எல்லைக்கோடு அது. 40 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 26 டிகிரிதான். அதே சமயம் 34 டிகிரி வெயில், 75 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் 30 டிகிரி! எது ஆபத்து என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினா கடற்கரையில் விமானப்படை சாகசக் காட்சி நடந்தது. அன்று வெப்பம் 40 டிகிரியைத் தொடவில்லை. ஆனால் லட்சக்கணக்கான ஜனங்கள் கடல் ஈரத்தில், நிழல் இல்லாத மணலில், மணிக்கணக்காக நெருக்கியடித்து நின்றார்கள். ஏராளமானோர் மயங்கி விழுந்தார்கள், ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2023 ஏப்ரலில் நவி மும்பையில் திறந்தவெளியில் நடந்த ஒரு விருது விழாவில் வெயிலில் உட்கார்ந்திருந்தவர்களில் 14 பேர் இறந்ததும் இதே கதைதான். 2024 அக்டோபரிலேயே தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் வரிசையில் வெயிலும் சேர்ந்துவிட்டது.

மூன்று படிகள்

வெயில் ஒரேயடியாக ஆளைச் சாய்ப்பதில்லை. பெரும்பாலும் படிப்படியாகத்தான் வரும்.

முதல் படி, தசைப்பிடிப்பு. கெண்டைக்கால், வயிறு, தோள் இழுத்துப் பிடிக்கும். உப்பும் தண்ணீரும் குறைந்ததன் அறிகுறி. நீர்க்கடுப்பும், மஞ்சளாகக் கொஞ்சமாக மூத்திரம் போவதும் இதே எச்சரிக்கைதான். நிழலில் உட்கார்ந்து உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடித்தால் சரியாகிவிடும்.

இரண்டாம் படி, வெப்பச் சோர்வு. தலை சுற்றும், குமட்டும், தலைவலி இடிக்கும், வியர்த்துக் கொட்டும், கை கால் ஓய்ந்து போகும். ஆனால் ஆளுக்கு நினைவு தெளிவாக இருக்கும். கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்வார். உடனே வேலையை நிறுத்தி, நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அரைமணி நேரத்தில் தேறவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். அன்றைக்கு மறுபடியும் வெயிலுக்குப் போகக் கூடாது.

மூன்றாம் படிதான் வெயில் தாக்கு. இதைக் கண்டுபிடிக்க ஒரே சூத்திரம்: உடம்பு கொதிக்கிறது, புத்தி தடுமாறுகிறது. சம்பந்தமில்லாமல் பேசுவார், காரணமில்லாமல் கோபப்படுவார், தள்ளாடுவார், வலிப்பு வரும், நினைவு தப்பும்.

இங்கே ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "வேர்வை நின்னு தோல் காய்ஞ்சு போனால்தான் ஹீட் ஸ்ட்ரோக்" என்று பலரும் சொல்வார்கள். வீட்டுக்குள் புழுங்கிக் கிடக்கிற வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஆனால் உழைக்கும்போது வருகிற தாக்கில் ஆள் தொப்பலாக வியர்த்துக்கொண்டேகூட விழலாம். வியர்வையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேச்சை வைத்து முடிவு செய்யுங்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன கிழமை? நாம எந்த ஊர்ல நிக்கோம்?" என்று கேளுங்கள். பதில் குழறினால் அடுத்த விநாடியே வேலையில் இறங்க வேண்டும்.

முதலில் தண்ணீர், பிறகு ஆம்புலன்ஸ்

என் அப்பா கட்டட வேலையில் கையாள். லீவு நாட்களில் நானும் சட்டி தூக்கப் போவது உண்டு. சென்ற வருஷம் மே மாதம் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டார்கள். ஊர் வேண்டாம், காண்ட்ராக்டர் பெயரும் வேண்டாம். காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய வேலை, ஜல்லி லாரி பிந்தி வந்ததால் பத்து மணிக்குத்தான் தொடங்கியது. அப்பாவோடு வேலை பார்க்கிற ஒரு அண்ணாச்சி, பத்து நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தார். மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். மேலே கொடுக்க வேண்டிய சட்டியைக் கீழே கொடுத்தார். மேஸ்திரி சத்தம் போட்டதும், சம்பந்தமே இல்லாமல் தன் மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை. தொட்டால் அடுப்புக் கல் மாதிரி இருந்தது.

ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒருவர் வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் சோடாவை உடைத்து வாயில் ஊற்றப் போனார். இன்னொருவர் பைக்கை ஸ்டார்ட் பண்ணி, நடுவில் வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்றார். சித்தாள் வேலைக்கு வந்திருந்த ஒரு ஆச்சிதான் அத்தனை பேரையும் அதட்டினார். "ஏலே, சோடாவைக் கீழ வையி! மூச்சுக்குழல்ல போயி அடைச்சிரும். டிரம்முத் தண்ணிய மொண்டு மேல ஊத்துங்கலே!" கான்கிரீட்டுக்காக வைத்திருந்த பெரிய டிரம் தண்ணீர் முழுவதும் அவர் தலையிலும் உடம்பிலும் போனது. சென்ட்ரிங் பலகையைப் பிடித்து இரண்டு பேர் விசிறினோம். 108 வண்டி வருவதற்குள் கண் திறந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நீங்க ஊத்தின தண்ணிதான் முதல் வைத்தியம்."

பிறகு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த ஆச்சி சொன்னதைத்தான் உலகம் முழுக்க மருத்துவர்களும் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. 'முதலில் குளிர்வி, பிறகு கொண்டு போ' என்பதே அவர்கள் விதி. அமெரிக்காவில் பால்மவுத் என்ற ஊரில் ஆகஸ்ட் மாதம் ஓட்டப்பந்தயம் ஒன்று நடத்துகிறார்கள். அங்கே வெயில் தாக்கி விழுகிறவர்களை உடனே ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். 18 பந்தயங்களில் 274 பேருக்கு இப்படிச் சிகிச்சை தந்து, ஒருவரைக்கூடப் பறிகொடுக்கவில்லை என்று 2015-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. விழுந்த அரைமணி நேரத்துக்குள் உடம்புச் சூட்டை 40 டிகிரிக்குக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பதுதான் இதன் ரகசியம்.

நமக்கு ஐஸ் தொட்டி எதற்கு? வாய்க்காலும் பம்புசெட் தொட்டியும் உள்ள ஊர்கள் நம்முடையவை. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முடிந்தால் ஒரு தாளில் எழுதி சைட் ஷெட்டில் ஒட்டி வையுங்கள்.

1. ஒருவர் 108-க்குப் போன் பண்ணட்டும். மற்றவர்கள் அதற்குள் வேலையைத் தொடங்க வேண்டும், வண்டிக்காகக் காத்திருக்கக் கூடாது.

2. நிழலுக்குத் தூக்குங்கள். சட்டை, செருப்பு, பெல்ட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெண்களாக இருந்தால் பெண்கள் சுற்றி நின்று, உடையைத் தளர்த்தி, உடையோடேயே நனைக்கலாம்.

3. முகத்தில் தெளிப்பது போதாது. தலை, கழுத்து, நெஞ்சு, முதுகு, கை, கால் என்று உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். குளிர்ந்த தண்ணீர் என்றால் இன்னும் நல்லது. பக்கத்தில் தொட்டி இருந்தால் கழுத்தளவு இறக்கி, தலை முங்காமல் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளலாம்.

4. நனைத்தபடியே விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள்.

5. நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். சோடாவும் வேண்டாம், இளநீரும் வேண்டாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

6. காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை. பாராசிட்டமால் இந்தச் சூட்டை இறக்காது.

7. கண் விழித்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியோ, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியோ, கட்டாயம் காட்டியாக வேண்டும். உள்ளே சிறுநீரகமும் கல்லீரலும் என்ன பாடுபட்டிருக்கிறது என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

வராமல் இருக்க...

தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரேயடியாகச் செம்பு செம்பாகக் குடிப்பது சரியில்லை. மணிக்கணக்கில் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். நம் பாட்டன் பாட்டி இதற்கு எப்போதோ வழி வைத்துவிட்டார்கள். உப்புப் போட்ட நீராகாரம், நீர்மோர், எலுமிச்சைச் சாறு இவற்றைவிடச் சுலபமானது ஏது? கோடையில் பதனியும் நுங்கும் இளநீரும் நம் மண்ணே தருகிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சாராயமும் பிராந்தியும் உடம்புத் தண்ணீரை வெளியேற்றுமே தவிர, சூட்டைத் தணிக்காது.

வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். புதிதாக வேலைக்கு வந்தவருக்கும், காய்ச்சலில் கிடந்து திரும்பியவருக்கும் முதல் வாரம்தான் மிகவும் ஆபத்தானது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், அப்புறம் நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவது என்பது புதிய ஆட்களுக்கு உலக அளவில் சொல்லப்படுகிற முறை. மேலே சொன்ன அண்ணாச்சி விழுந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

வீட்டிலும் கவனம் வேண்டும். தகர ஷெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழும் இருக்கிற தாத்தா பாட்டி, கைக்குழந்தை, கர்ப்பிணிப் பெண்கள் வெளியே போகாமலே பாதிக்கப்படுவார்கள். காற்று 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் ஃபேன் காற்று மட்டும் உதவாது, அனலைத்தான் அள்ளி வீசும். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு ஃபேன் போட்டால்தான் பலன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு யாரும் பேசாத விஷயம். என் அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டார். கேட்டால், "குடிச்சா ஒதுங்க இடம் வேணும்லா?" என்பார். சித்தாள் பெண்கள் பலருடைய நிலைமையும் இதுதான். பானைத் தண்ணீர் வைத்தால் மட்டும் போதாது நண்பர்களே, மறைவான கழிப்பிடமும் இருந்தால்தான் பெண்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள்.

கான்கிரீட்டுக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு நியாயமா?

இனி, ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வெயில் காலத்தில் கான்கிரீட் போடுவதற்கென்றே 1975-இல் ஒரு இந்தியத் தர விதிமுறை வந்தது. ஐ.எஸ். 7861, முதல் பகுதி. வெளி வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போனாலோ, கான்கிரீட்டின் சூடே 40 டிகிரியைத் தாண்டும் என்றாலோ கவனம் தேவை என்கிறது. ஜல்லியை நிழலில் வை, தண்ணீர் தெளித்துக் குளிரச் செய், கலக்கும் தண்ணீரில் ஐஸ் போடு, மாலை நேரத்திலோ ராத்திரியிலோ வேலையை வை என்பதெல்லாம் நாம் படிக்கிற பாடம். தளம் போட்ட பிறகு ஐ.எஸ். 456 சொல்கிறபடி குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் காக்கிறோம். ஈரச்சாக்கு போர்த்துகிறோம், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். வெடிப்பு விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறை!

அந்த ஜல்லியைச் சுமந்த ஆளுக்கு நிழல் எங்கே? கான்கிரீட்டுக்கு ஊற்றுகிற தண்ணீரில் ஒரு பங்கு அவன் தலைக்கு உண்டா?

தளம் போட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, கோல்டு ஜாயிண்ட் விழுந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் உச்சி வெயிலிலும் வேலை ஓடுகிறது. ஆட்களுக்கும் வெயிலின் ஆபத்து தெரியாமல் இல்லை. ஆனால் தினக்கூலி ஆள் மேஸ்திரியிடம் போய், "தலை சுத்துது, கொஞ்சம் உக்காந்துக்கிடுதேன்" என்று சொன்னால், நாளைக்கு வேலைக்குக் கூப்பிடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம். அன்றைக்கு விழுந்த அண்ணாச்சிக்கு அரைநாள் சம்பளம்தான் கணக்கில் எழுதினார்கள். பிறகு இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. ஆகவே "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்வதால் மட்டும் காரியம் நடக்காது. ஓய்வு என்பதை அவன் கேட்டு வாங்குகிற நிலை இருக்கக் கூடாது. வேலை நேரத்தைத் தீர்மானிக்கிறவர்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. பக்கத்துக் கேரளாவில் கோடை வந்தால் மத்தியானம் 12 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. நம் ஊர் அண்ணன்மார்கள் வேலைக்குப் போகிற ஐக்கிய அரபு நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை தடை. கத்தாரில் 2021 முதல் கோடையில் காலை 10 மணியிலிருந்து 3.30 வரை தடை. ஆமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள். அதிலிருந்து பாடம் படித்து, 2013-இல் முன்னெச்சரிக்கை, ஆஸ்பத்திரித் தயாரிப்பு, தண்ணீர்ப் பந்தல் எல்லாம் சேர்த்து ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டார்கள். அதைப் பார்த்து வேறு பல ஊர்களும் செய்தன.

நம்மால் என்ன முடியும்? இன்னும் ஒரு வருஷத்தில் நம்மில் பலர் சைட் சூப்பர்வைசராக, ஷாப் ஃப்ளோர் டெக்னீஷியனாக, லைன் வேலை பார்க்கிறவராகப் போய் நிற்போம். இந்தக் கல்லூரியில் என்னைப் போலவே வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் நிறையப் பேர். நேற்றுவரை நம் அப்பா, அம்மா சட்டி சுமந்த இடத்தில் நாளை நம் கையில் அட்டெண்டன்ஸ் நோட்டு இருக்கும். தளம் போடுகிற நாளில் மிக்ஸர் வெள்ளன அஞ்சு மணிக்கு ஓடத் தொடங்க வேண்டுமா, பத்து மணிக்கா என்று சொல்லப் போகிறவர்கள் நாம்தான். ஜல்லி, மணல், சிமெண்ட் முந்தின நாள் சாயங்காலமே இறங்கியதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. வந்து சேரவில்லையா, தளத்தை மறுநாளுக்குத் தள்ளி வைக்கச் சொல்லும் தைரியமும் நமக்கு வேண்டும். ஆட்களை இரண்டு செட்டாகப் பிரித்து மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்தால் கோல்டு ஜாயிண்டும் விழாது, ஆளும் விழ மாட்டான். ஒரு தார்பாய் நிழல், ஒரு மண்பானை, உப்பு, சர்க்கரை, மேலே ஊற்ற எப்போதும் நிரம்பியிருக்கிற ஒரு டிரம். இவற்றுக்குப் பெரிய செலவு ஆகிவிடாது.

எஸ்டிமேட் போடும்போது க்யூரிங் தண்ணீருக்கு ஒரு வரி எழுதுகிறோம். அதற்கு அடுத்த வரியில் ஆட்களுக்கான நிழலையும் குடிதண்ணீரையும் எழுதுவோம். நம் கையால் எழுதும் முதல் எஸ்டிமேட்டிலேயே அதை எழுதுவோம், நண்பர்களே!